மரமா, கம்பியா, காந்தமா?

பாகூர், வில்லியனூர் கொம்யூன் ஊர்களில் கோயில் திருவிழா என்றால் இசை இரண்டு தடவை வரும். சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரமும் தவிலும். எல்லாம் முடிந்த பிறகு இரவில் மேடை போட்டு இன்னிசைக் கச்சேரி. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேரைப் போன்ற பெருங்கூட்டத்திலும் நாதஸ்வரத்துக்கு மைக் தேவைப்படாது. அது திறந்தவெளிக்கென்றே உருவான வாத்தியம். மேடையில் இருக்கும் எலெக்ட்ரிக் கிதாரின் கதை நேர் எதிர். வயரைப் பிடுங்கிவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்குக்கூட அது சரியாகக் கேட்காது.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு வாத்தியங்களைப் பற்றியும் வாசிப்பவர்கள் ஒரே பேச்சைத்தான் சொல்கிறார்கள்: பழசுதான் பேசும். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். கடலுக்கு அப்பால், 1959-இல் கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் கிதார் ஒன்று இன்று பல லட்சம் டாலருக்குக் கைமாறுகிறது. மரம் காய்ந்து பழுத்து, அதற்கென்று ஒரு நாதம் வந்துவிடுகிறது என்பதுதான் இரண்டு இடத்திலும் சொல்லப்படும் காரணம். மின்சாரம் போனால் ஊமையாகிவிடுகிற வாத்தியத்தில் மரத்தின் வயசு எப்படிப் பேசும்? இந்தச் சந்தேகம் நியாயமானது. நாதஸ்வரத்தில் பழைய மரத்துக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. எலெக்ட்ரிக் கிதாரின் உடல்மரத்தில் அந்த வேலை கிட்டத்தட்ட இல்லை. இந்த அத்தியாயத்தின் வாதம் அதுதான்.

பெட்டியைத் தூக்கி எறிந்த கதை

வீணைக்குக் குடம் இருக்கிறது, சாதாரண கிதாருக்குப் பெட்டி இருக்கிறது. கம்பி மிக மெல்லியது. தன்னால் காற்றைப் போதிய அளவு அசைக்க முடியாது. அது தன் அதிர்வை, தன்னைத் தாங்கும் குதிரை வழியாகப் பலகைக்குக் கொடுக்கிறது, பலகை காற்றை அசைக்கிறது. 1920-களின் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் டிரம்பெட்டுக்கும் டிரம்சுக்கும் நடுவே இந்தப் பெட்டி போதவில்லை. கிதாரின் ஒலி அமுங்கிப்போனது. ஜார்ஜ் போஷாம் என்ற இசைக்கலைஞர் பலகையை நம்பாமல் கம்பியின் அசைவையே மின்சாரமாக மாற்ற வழி கண்டார். அவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து 1932-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிதாரின் உடல், வார்த்த அலுமினியம். வடிவத்தைப் பார்த்து ஜனங்கள் அதற்கு வறுசட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சந்தையில் வெற்றி பெற்ற முதல் எலெக்ட்ரிக் கிதாரில் மர உடலே கிடையாது என்பதை, மரத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் மறக்கக்கூடாது.

1940-களின் தொடக்கத்தில் லெஸ் பால் என்ற கிதார் கலைஞர் இன்னும் ஒரு படி போனார். நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கம்பியையும், அதன் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் பூட்டினார். பார்க்கிறவர்களுக்குக் கிதார் மாதிரி தெரியட்டும் என்று ஒரு பழைய கிதாரின் பெட்டியை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். ஒலி கட்டையிலிருந்து வந்தது, ஒட்டியவை கண்ணுக்காக. அடுத்து வந்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்தவர், கிதார் வாசிக்கத் தெரியாதவர். அவர் 1950-இல் சந்தைக்கு அனுப்பிய கிதார் பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1952-இல் கிப்சனின் லெஸ் பால், 1954-இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்று பழங்கிதார் என்று தேடப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெட்டியை எடுத்ததற்கு இரண்டு காரணம் உண்டு. ஸ்பீக்கரின் சத்தம் பெட்டியை அசைத்து, அது மறுபடி ஸ்பீக்கருக்கே போய், ஊர் மேடைகளில் மைக் கத்துமே, அந்த ஊளை கிளம்பும். கெட்டிக் கட்டையில் அது குறைவு. இன்னொரு காரணம் கம்பியின் ஆயுள். பெட்டி கம்பியின் சக்தியை வேகமாகக் காற்றுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுகிறது. கெட்டிக் கட்டை அப்படி வாங்குவதில்லை, சுரம் நெடுநேரம் நிற்கிறது. இதன் அருமையைத் தமிழ் ரசிகர்கள் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் கச்சேரிகளில் கேட்டிருக்கிறார்கள். சாதாரண மாண்டலினில் சுரம் சட்டென்று செத்துவிடும், கமகத்துக்கு இடமே இருக்காது. கெட்டி உடலும் ஐந்து கம்பியும் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு அவர் மாறியதால்தான் ராக ஆலாபனையின் நீண்ட பிடிகள் அதில் சாத்தியமாயின. ஆகக் கெட்டி உடலின் வேலை ஒலி எழுப்புவது அல்ல. கம்பியிடமிருந்து எதையும் பிடுங்காமல் சும்மா இருப்பதுதான் அதன் வேலை.

ஒரே ஒரு கம்பி

இனி ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஐந்தாவது கம்பியை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு முனைக்கும் நடுவே அதன் நீளம் 648 மி.மீ. விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்கு 110 முறை அதிரும். ஆனால் கம்பி ஒரே விதமாக அதிர்வதில்லை. முழு நீளத்திலும் ஒரே வளைவாக 110. அதே நேரத்தில் இரண்டு பாகமாகப் பிரிந்து 220, மூன்றாகப் பிரிந்து 330, நான்காகப் பிரிந்து 440 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். முதலாவதை அடிச்சுரம் என்றும் மற்றவற்றை மேற்சுரங்கள் என்றும் சொல்வோம். எந்த மேற்சுரம் எவ்வளவு கலக்கிறது என்பதுதான் வாத்தியத்தின் குரல். நான்காகப் பிரியும்போது, பாகங்கள் சந்திக்கும் இடங்களில் கம்பி அசையவே அசையாது. அந்த அசையாப் புள்ளிக்குக் கணு என்று பெயர்.

கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத் துண்டுகளும் அவற்றைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும்தான். சுருள் கம்பி தலைமயிர் அளவுக்கு மெலிது. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுமார் 8,000 சுற்று. காந்தம் தன் மேலே இருக்கும் எஃகுக் கம்பியையும் காந்தமாக்கிவிடுகிறது. அந்தக் கம்பி அசைந்தால் சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவில் காந்தம் சுழல்வதால் விளக்கு எரிகிறதே, அதே விதிதான் இங்கும். பிக்கப்புக்குக் காது கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றில் வரும் ஒலியை அது பிடிப்பதில்லை. தன் தலைக்கு மேலே கம்பி எவ்வளவு அசைகிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

இப்போது பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். கழுத்தோரம் உள்ள பிக்கப் குதிரையிலிருந்து ஏறத்தாழ 162 மி.மீ. தள்ளி இருக்கிறது, கம்பி நீளத்தில் சரியாகக் கால் பங்கு. அந்த இடத்தில் அடிச்சுரத்தின் அசைவு, நடுக்கம்பியில் இருக்கும் முழு அசைவில் நூற்றுக்கு 71. ஆனால் நான்காவது, அதாவது 440 அதிர்வுச் சுரத்துக்கு அதே இடம் கணு. கம்பி எவ்வளவு துள்ளினாலும் அந்தச் சுரம் இந்தப் பிக்கப்புக்குக் கேட்கவே கேட்காது. குதிரையோரம் உள்ள பிக்கப் சுமார் 40 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கே அடிச்சுரம் நூற்றுக்கு 20-தான் கிடைக்கிறது. கழுத்துப் பிக்கப்புக்கு எட்டாமல் போன நான்காவது சுரமோ 71. ஒரே கம்பி, ஒரே மரம், ஒரே விரல். மேடையில் வாசிப்பவர் ஒரு சுவிட்சைத் தள்ளுகிறார், அடிச்சுரத்தின் பங்கு மூன்றரை மடங்கு மாறி, குழைந்த குரல் கூர்மையாகிவிடுகிறது. 12 சென்டிமீட்டர் இடமாற்றம் செய்யும் வேலை இது. உடல்மரத்தை மாற்றினால் இதில் எத்தனை பங்கு மாற்றம் வரும் என்று கேட்டால்தான் அளவு பிடிபடும்.

வயசு நுழையும் வாசல்கள்

கம்பியிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டமாகப் போய், வருஷங்கள் அங்கே என்ன செய்யும் என்று பார்க்கலாம். கம்பிக்கு வயசு பெரிய விஷயம், ஆனால் கெடுதல். வியர்வையும் துருவும் ஏறிய கம்பி மேற்சுரங்களை இழந்து மந்தமாகிவிடும், அதனால்தான் அடிக்கடி மாற்றுகிறார்கள். 1959 கிதாரில் இருப்பதும் போன மாதக் கம்பிதான். காந்தம் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்னிகோ என்ற உலோகக் கலவை. சூடோ, பலமான அடியோ, பக்கத்தில் வேறு காந்தமோ இல்லாவிட்டால் அதன் வலு பல பத்தாண்டுகளில்கூட மிகச் சிறிதளவே குறையும்.

சுருளில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபெண்டர் ஆலையில் சுற்றும் கம்பியைக் கையால் பிடித்து நடத்தினார்கள்; சுற்று எண்ணிக்கை ஒன்றுபோல் இருக்காது. கிப்சனில் செத் லவர் என்ற பொறியாளர், இரண்டு சுருளை எதிரெதிர்த் திசையில் சேர்த்து மின்கம்பி இரைச்சலை ஒழிக்கும் பிக்கப்பை வடிவமைத்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நம் ஊர் மேடைகளில் கிதாரை மாட்டியதும் வரும் 'உர்' என்ற சத்தம், 50 அதிர்வு மின்சாரத்தின் இரைச்சல்; இரண்டு சுருளும் அதை எதிரெதிராக வாங்குவதால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், கம்பியின் சமிக்ஞை மட்டும் கூடி நிற்கும். 1957-இலிருந்து லெஸ் பாலில் இதுதான் இருந்தது. சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது கணக்கு, ஆனால் கூடக்குறைய இருந்தது. சுற்று அதிகமானால் சத்தம் கூடும், கூர்மை குறையும். ஆகவே ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் செய்த இரண்டு கிதாருக்கு இரண்டு குரல் உண்டு. இது கற்பனை அல்ல, மீட்டர் வைத்து அளக்கலாம். ஆனால் இந்த வேறுபாடு கிதார் பிறந்த அன்றே வந்தது. அறுபது வருஷம் அதைக் கொடுக்கவில்லை. அதே எண்ணிக்கையில் அதே காந்தத்தின்மேல் இன்று சுற்றினாலும் அது வரும்.

கடைசிக் கட்டம் ஆம்ப்ளிஃபையர். 1966-இல் ஜான் மேயாலின் குழுவில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டுதான் 1958–60 லெஸ் பால்களுக்கு மவுசை உண்டாக்கியது. அதற்கு முன்பு அவை விலைபோகாத சரக்கு. 1960-லேயே கிப்சன் அந்த வடிவத்தை நிறுத்திவிட்டது. அந்த இசைத்தட்டில் கேட்கும் கர்ஜனையில் மார்ஷல் வால்வு ஆம்ப்ளிஃபையரின் பங்கு மிகப் பெரியது. அளவுக்கு மீறித் திருப்பப்பட்ட வால்வு, கம்பியில் இல்லாத மேற்சுரங்களைப் புதிதாக உண்டாக்கும். ரசிகர்கள் புகழைக் கிதாருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கண்ணை மறைத்தபோது

"கணக்கெல்லாம் சரி, காதுக்குத் தெரிகிறதே" என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். காதையே சாட்சிக்கு அழைத்த சோதனைகளும் நடந்திருக்கின்றன. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் ஆய்வாளர்களான க்ளாடியா ஃபிரிட்சும் ஜோசஃப் கர்ட்டினும் 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து, ஸ்ட்ராடிவாரி, குவார்னெரி போன்ற பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்தார்கள். எது பழசு என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. பிறகு பத்து முன்னணிக் கலைஞர்களை வைத்து விரிவாகச் செய்தபோது ஆறு பேர் புதிய வயலினைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே கைவினைஞர் செய்த ஆறு சாதாரண கிதார்களை 52 பேரிடம் கொடுத்தார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரம். விலைமிக்க பிரேசில் ஈட்டியும் உண்டு, மலிவான மரமும் உண்டு. பார்வை மறைக்கப்பட்ட நிலையில் அவர்கள் போட்ட மதிப்பெண்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இவை பெட்டி உள்ள வாத்தியங்கள், கெட்டிக் கிதாருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பொருத்தம் இன்னும் அதிகம். வயலினில் ஒலியை எழுப்புவதே மரம். அங்கேயே மரத்தின் வயசையும் பெயரையும் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், மரம் சும்மா தாங்கி நிற்கிற வாத்தியத்தில் அது பேசுகிறது என்பதை நம்ப இன்னும் பலமான சான்று வேண்டும். மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. கழுத்துமரம் சில அதிர்வெண்களில் கம்பியோடு சேர்ந்து ஆடி, அந்தச் சுரத்தின் சக்தியை உறிஞ்சிவிடும். வாசிப்பவர் அதைச் செத்த இடம் என்பார். ஜெர்மனியில் ஃபிளைஷர், ட்ஸ்விக்கர் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டினார்கள். ஆனால் இந்த விளைவு சுரத்தைத் தின்கிறது. எந்த நாதத்தையும் சேர்க்கவில்லை. அதைத் தீர்மானிப்பதும் கழுத்தின் விறைப்பும் எடையும்தான், பிறந்த ஆண்டு அல்ல.

வாசிப்பவர்கள் பொய் சொல்கிறார்களா?

இல்லை. அவர்கள் உணர்வது பெரும்பாலும் உண்மை, காரணம் மட்டும் இடம் மாறிவிட்டது. 1965 ஜனவரியில் ஃபெண்டரை சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது, உற்பத்தி பெருகியது, 1970-களில் வேலைத்தரம் தேய்ந்தது. அந்தக் காலத்து இளைஞன் கடையில் புதுக் கிதாரையும் 1950-களின் கிதாரையும் அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தபோது பழசு மேலாகத்தான் இருந்தது. நல்ல வேலைக்குக் கிடைத்த பெயர் காலப்போக்கில் பழமைக்கு எழுதப்பட்டுவிட்டது. இன்னொன்று, ஐம்பதுகளில் செய்த மோசமான கிதார்களை இன்று யாரும் வைத்திருக்கவில்லை. அவை உடைந்தன, பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டன, பரணில் போடப்பட்டன. நல்லவை மட்டும் கை மாறிக் கை மாறி நம்மிடம் வந்தன. வடிகட்டி வந்ததைப் பார்த்துவிட்டு அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று நினைப்பது எல்லாத் துறையிலும் நடக்கிற பிழை. கழுத்தின் விளிம்பு உள்ளங்கையில் உருண்டு வழவழத்துப் போயிருப்பது வாசிப்பவருக்குத் தரும் சுகமும் மெய்தான். சுகமாகப் பிடிபடும் வாத்தியத்தில் விரல் நன்றாகவே ஓடும்.

விலை என்பது தனிக் கணக்கு. பிங்க் ஃபிளாய்டு குழுவின் டேவிட் கில்மர் 1970-இல் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர், 2019 ஜூனில் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 27 கோடி ரூபாய். அந்தக் கிதாரில் கழுத்து பல தடவை மாற்றப்பட்டது, பிக்கப் மாற்றப்பட்டது, உடலிலும் வெட்டி ஒட்டிய வேலைகள் நடந்தன. பழைய பாகங்களின் நாதத்துக்காக அந்தப் பணம் கொடுக்கப்படவில்லை என்பது வெளிப்படை. அது யார் மடியில் இருந்தது, எந்தப் பாட்டுகள் அதிலிருந்து வந்தன என்பதற்காகக் கொடுத்த விலை அது. அந்த ஆசையில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதை ஒலியின் விலை என்று சொல்லி விற்றால், பாகூரில் முதல் கிதாருக்காகக் காசு சேர்க்கிற பையன் ஏமாறுவான். மரத்தின் பெயரைக் கேட்டு மயங்காமல் நல்ல பிக்கப், சமமாக அமைந்த மெட்டுகள், புதுக் கம்பி, ஒழுங்கான ஆம்ப்ளிஃபையர் என்று அவன் செலவழிப்பதுதான் சரி. ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினால் கிடைக்கும் மாற்றத்துக்குக் காசே வேண்டாம்.

நரசிங்கம்பேட்டையில் நிலைமை வேறு

அப்படியானால் ஆச்சா மரத்தைத் தேடி அலைகிற நாதஸ்வர ஆசாரிகளும் ஒரு நம்பிக்கையைத்தான் துரத்துகிறார்களா? அல்ல. இங்கே அதிர்வது வாயில் வைத்து ஊதும் சீவாளியும் குழலுக்குள் இருக்கும் காற்றும். குழாயின் சுவர் எந்தப் பொருள் என்பது குரலை அதிகம் மாற்றாது என்று 1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் புல்லாங்குழலை வைத்துக் காட்டினார். வெள்ளி, செம்பு, மரம் மூன்றையும் வாசிப்பவர்களால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் உள்துளையின் வடிவம் ஒரு நூலளவு மாறினாலும் சுருதி போய்விடும். நாதஸ்வரத்தின் உள்துளை மேலிருந்து கீழ்வரை சீராக விரியும் கூம்பு. நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, நீளமான பாரி நாதஸ்வரத்தைத் திருத்தி அமைத்தது, சுத்த மத்யமம் என்ற சுரம் நேராக விழ வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நுட்பம் முழுவதும் துளையின் அளவிலும் விரல் வைக்கும் கண்களின் இடத்திலும் இருக்கிறது.

பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. வளைய வரிகளின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் இன்று வட்டமாகக் குடைந்த துளை சில மாதத்தில் முட்டை வடிவமாகும், விரிசலும் விடும். போதாதற்கு வாசிப்பவரின் மூச்சு ஈரம் தினமும் உள்ளே இறங்கிக் காய்கிறது. ஆச்சா போன்ற அடர்ந்த மரத்தை அவசரமாக உலர்த்தினால் வெடிக்கும். முக்கால் நூற்றாண்டு ஒரு வீட்டின் உத்தரமாக இருந்த மரம் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்துவிட்டது. ஆசாரி இன்று கடையும் அளவு நாளைக்கும் அப்படியே நிற்கும். இங்கே பழமை குரலைக் கொடுக்கவில்லை, குரலைக் கொடுக்கும் வடிவத்தைக் காப்பாற்றுகிறது. எலெக்ட்ரிக் கிதாரின் உடலுக்கு அப்படிக் காக்க வேண்டிய துளை எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறை விளைவும் உண்டு. கிதார் உலகின் ஆசையும் ஒரு காரணமாகப் பிரேசில் ஈட்டி அழிவின் விளிம்புக்கு வந்து, 1992-இல் அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. சுமை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தின்மேலும் விழுந்தது. 2017-இல் அந்த மரவினம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்து, செய்து முடித்த வாத்தியங்களுக்கு அது 2019-இல் தளர்த்தப்பட்டது. வேறு மரத்தில் செய்தால் காதுக்குத் தெரியாது என்கிறபோது ஈட்டியை விட்டுவிடுவதில் இசைக்கு நட்டமில்லை. ஆச்சா மரத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. வறண்ட காட்டில் மெதுவாக வளரும் மரம் அது. இடிபடும் பழைய வீடுகளின் எண்ணிக்கைக்கோ ஒரு முடிவு உண்டு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்ற, இப்போதே ஆச்சாக் கட்டைகளை வெட்டி நிழலில் அடுக்கி, பத்து இருபது ஆண்டுகள் பொறுத்து ஆசாரிகளுக்குக் கொடுக்கும் கிடங்கு ஒன்று அரசுச் செலவில் வேண்டும். வில்லியனூரிலோ பாகூரிலோ ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறவர்களும், உத்தரத்தை விறகுக்கு எடை போடுவதற்கு முன் அது என்ன மரம் என்று ஒரு தச்சரிடம் காட்டிக் கேட்கலாம்.